மன்றோ துரையின் குத்தகை மலை

பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் எமக்கு விடுமுறை கிடைப்பது அரிது. கிடைத்த நான்கு நாட்களில் குடும்பத்துடன் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று வந்தோம். எம் பாட்டனார் கங்காணியின் பின்னே போடியிலிருந்து நடந்தே ஏறிய மலை அது. அவர் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதுவரை கண்டதில்லை.

மறையூர்ச் சந்தனக் காட்டைக் கடந்து மேலே ஏறினால் மலை முழுதும் தேயிலையே. கண்ணன் தேவன் என்பது மலையின் பெயர். தோட்டத்தின் கதையோ ஜான் டேனியல் மன்றோ என்ற துரையிடம் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசில் ஏலமலைகளுக்கு சூப்பரின்டெண்டாகவும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தவர் அவர். 1877 ஜூலை 11-ஆம் நாள், பூஞ்சாறு அரசரிடமிருந்து ஏறத்தாழ 1,37,000 ஏக்கரை ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகைக்கு எழுதி வாங்கினார். மலையை ஆள வந்த அதிகாரியே மலையை எடுத்துக்கொண்டார்! 1879-இல் நண்பர்களுடன் சங்கம் ஒன்று நிறுவினார். மறு ஆண்டு இம்மலைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் நட்ட தேயிலைதான் நிலைத்தது.

எம் தொழிலுக்குரிய அதிசயம் ஒன்றும் இங்கே உண்டு. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், மற்றொன்று சாலையில், இழுத்தவை காளைகள். 1908-இல் அது இரண்டடி அகல ரயிலாயிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை வாரிக்கொண்டு போயிற்று. பழைய நிலையக் கட்டிடம் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகம். டிக்கெட் ஜன்னல் எங்கே இருந்திருக்கும் என்று நாம் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைக் கண்டு இல்லத்தரசி நகைத்தார்.

1971-இல் கேரள அரசு சட்டமியற்றி மன்றோவின் குத்தகை நிலங்களை மீட்டது. தேயிலை நின்ற பரப்பு கம்பெனியிடமே விடப்பட்டது. லயங்களில் குடியிருப்போருக்கோ வேலை உள்ளவரைதான் வீடு.

அத்தையின் லயத்தில் இரவு தங்கினோம். அடுத்த ஆண்டு அவருக்கு ஓய்வு. கட்டஞ்சாயாவை ஆற்றியபடி, "தம்பி, போடிக்கு ரயில் திரும்ப வந்துவிட்டதாமே, மெய்தானா?" என்றார்.

"2023 ஜூனிலேயே வந்துவிட்டது, அத்தை."

"வந்து என்ன செய்ய? அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லி அடுப்பைத் தணித்தார்.