ஓப்பன் சோர்ஸ்... ஓசி சோர்ஸ் இல்லீங்க!

'ஓப்பன் சோர்ஸ்னா என்ன?'ன்னு நம்ம பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. யோசிக்காம வர்ற பதில், 'ஓசி மச்சி!' ஃபைனல் இயர் புராஜெக்டா? டவுன்லோடு பண்ணு, பேரை மாத்து, பைண்டிங்குக்குக் குடு... மேட்டர் ஓவர். காலேஜ் காம்பவுண்டுக்குள்ள இது ஓடும். ஆனா, அதே கோடு ஒரு டப்பாவுக்குள்ள போய், அந்த டப்பா விலை போட்டு விற்பனைக்கு வந்தா? அங்கேதான் கதையே ஆரம்பம்!

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் போற ரோட்டுல காலையில நின்னா, கம்பெனி பஸ்ஸுங்க வரிசை கட்டிப் போகும். இருங்காட்டுக்கோட்டையில 1998-ல இருந்து ஹூண்டாய் கார், ஒரகடத்துல பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு பைக், ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங் டி.வி., ஃப்ரிட்ஜ்... எல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும்னுதான் வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்குத் தோணும். ஆனா, சாம்சங் ஸ்மார்ட் டி.வி.க்குள்ள இருக்கிற டைசன், உங்க பாக்கெட்ல இருக்கிற ஆண்ட்ராய்டு... ரெண்டுக்கும் அடியில இருக்கிறது லினக்ஸ்தான்.

நான் இன்டர்ன்ஷிப் பண்ற இடம் இதே ஒரகடத்துல ஒரு குட்டிக் கம்பெனி. மொத்தமே பத்துப் பேர். பேர் வேண்டாமே! மெஷின் பக்கத்துல மாட்டுற ஒரு டப்பா செய்றாங்க. ஷிஃப்ட்டுக்கு எத்தனை பீஸ் வந்துச்சு, மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நின்னுச்சுன்னு அது கணக்கு சொல்லும். உள்ளே லினக்ஸ். ஒரு பெரிய கஸ்டமர், ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. 'உங்க டப்பாவுக்குள்ள இருக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்னென்ன? ஒவ்வொண்ணுக்கும் என்ன லைசென்ஸ்?' மேனேஜர் சார், "தம்பி, நீ பாரு"ன்னு என் தலையில கட்டிட்டார்.

லிஸ்ட் போட உட்கார்ந்தா, எம்.ஐ.டி., பி.எஸ்.டி., ஜி.பி.எல்.னு ஒரே கூட்டணி! முதல் ரெண்டும் சாது. எழுதினவர் பேரையும் லைசென்ஸ் வாசகத்தையும் அழிக்காம வச்சா போதும். ஜி.பி.எல். அப்படி இல்லை. ரிச்சர்டு ஸ்டால்மேன் 1989-ல கொண்டுவந்தது. லினக்ஸ் கெர்னலுக்கு இருக்கிறது 1991-ல வந்த அதோட ரெண்டாவது பதிப்பு. மாத்தலாம், விக்கலாம், லாபமும் பார்க்கலாம். ஆனா டப்பாவை வாங்கினவருக்கு, நீங்க செஞ்ச மாற்றத்தோட சேர்த்து அந்த சோர்ஸையும் குடுக்கணும். இல்லைன்னா, 'கேட்டா தர்றோம்'னு மூணு வருஷத்துக்குச் செல்லுபடியாகிற மாதிரி எழுதிக் குடுக்கணும்.

"அப்ப நாம ராப்பகலா எழுதின கணக்கு புரோகிராமையும் ஊருக்கே குடுக்கணுமா?"ன்னு மேனேஜர் பதறிட்டார். இல்லை சார்! கெர்னல் மேல தனியா ஓடற அப்ளிகேஷன் நம்மளோடது. லினக்ஸ் கெர்னலோட லைசென்ஸ் குறிப்பே அதைச் சொல்லுது. அவருக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

ஆனா சிக்கல் வேற இடத்துல இருந்துச்சு. போர்டு சப்ளை பண்ணினவங்க கெர்னலை ரெடிமேடா குடுத்திருந்தாங்க, சோர்ஸ் இல்லாம. மெயில் மேல மெயில் போட்டோம். நோ ரிப்ளை! "எவன் பிரிச்சுப் பார்க்கப் போறான்? அனுப்பிடலாம்"னார் ஒரு சீனியர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்டர் போனா, பத்துப் பேர் சம்பளத்துக்குப் பிரச்னை.

'எவன் பார்க்கப் போறான்'ங்கிற கேள்விக்கு 2003-லேயே பதில் வந்தாச்சு. லிங்க்ஸிஸ் கம்பெனியோட டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டருக்குள்ள லினக்ஸ் இருக்குன்னு வெளியில இருந்தவங்கதான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள இருந்த சிப் பிராட்காமோடது. வித்தது லிங்க்ஸிஸ். அந்தக் கம்பெனியை அதே வருஷம் வாங்கினது சிஸ்கோ. 2008 டிசம்பர்ல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் கோர்ட்டுக்கு இழுத்தது யாரை? சிஸ்கோவை! 2009-ல சமரசம் ஆச்சு. லைசென்ஸ் விஷயங்களைக் கவனிக்கவே ஒரு ஆளைப் போட சிஸ்கோ ஒத்துக்கிச்சு. இன்னொரு பக்கம், வெளியில வந்த அந்த ரவுட்டர் சோர்ஸை வச்சு 2004-ல ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. பிறந்து, இன்னிக்கும் எத்தனையோ ரவுட்டர்ல ஓடுது.

சோர்ஸ் வராதது சப்ளையரால இருக்கலாம். டப்பா மேல பேர் போட்டு விக்கிறவர்தான் பதில் சொல்லணும். போல்ட் சப்ளை பண்றவர்ல இருந்து கார் கம்பெனி வரைக்கும் சங்கிலியா கோத்திருக்கிற நம்ம ஏரியாவுக்கு இதைப் புதுசா சொல்லித் தரணுமா என்ன?

கடைசியில மேனேஜர் போர்டையே மாத்திட்டார். சோர்ஸை வெளிப்படையா குடுக்கிற வேற ஒரு போர்டு. டிரைவரைத் திரும்ப ஒட்ட வச்சு, டெஸ்ட் பண்ணி... டெலிவரி மூணு வாரம் தள்ளிப்போச்சு. கஸ்டமர் முகம் சுளிச்சாங்க. ஆனா ஆர்டர் கைவிட்டுப் போகலை.

யோசிச்சுப் பார்த்தா, ஜி.பி.எல். நம்ம ஊர் மொய் மாதிரிதான். பந்தியில வயிறாரச் சாப்பிடலாம். யாரும் பில் நீட்ட மாட்டாங்க. ஆனா, நம்ம முறை வரும்போது திருப்பிச் செய்யணும். எங்கேயோ ஒருத்தர் ராத்திரி கண் முழிச்சு எழுதினதை நாம விலைக்கு விக்கிறோம். அவர் கேக்கிறது காசு இல்லையே, 'நான் குடுத்த மாதிரி நீயும் குடு'ங்கிறதைத்தானே?

அதனால, அடுத்த தடவை கிட்ஹப்ல கை வைக்கும்போது முதல்ல லைசென்ஸ் ஃபைலைத் திறங்க. அந்த ஃபைலே இல்லைன்னா 'எடுத்துக்கோ'ன்னு அர்த்தம் இல்லை. காப்பிரைட் எழுதினவர்கிட்டயே இருக்குன்னு அர்த்தம். நீங்க எழுதிப் போடற கோடுக்கும் ஒரு லைசென்ஸ் வைங்க. கேம்பஸ் இன்டர்வியூவுல 'ஓப்பன் சோர்ஸ் தெரியுமா?'ன்னு கேட்டா, 'எந்த லைசென்ஸ் சார்?'னு திருப்பிக் கேளுங்க. வேலை கிடைக்குதோ இல்லையோ, எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்!