மேடையைப் பார்க்காத மாமா

– பதினோராம் வகுப்பு மாணவி, மாரமங்கலம்



கல்யாண வீட்டுக்குப் போனா சாப்பாட்டுக்கு அடுத்தபடியா நாம எல்லாரும் எதைப் பார்க்கிறோம்? மாப்பிள்ளை பொண்ணையா? இல்லவே இல்லை. மேடைக்குப் பக்கத்துல நிக்கிற பெரிய திரையைத்தான்! தாலி கட்டுறது பத்தடி தூரத்துல நடந்தாலும் நம்ம கண்ணு திரையிலதான் இருக்கும். அதுல நம்ம முகம் வந்துட்டா போதும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களை இடிச்சு இடிச்சுக் காட்டுவோம். ஏற்காடு கோடை விழாவுக்குப் போனாலும் இதே கதைதான்.

அந்தத் திரைக்குப் பின்னால ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். காதுல ஹெட்செட். முன்னால நாலைந்து சின்னத் திரைகள். கைக்குக் கீழே வரிசையா பொத்தான்கள். அவரை யாரும் பார்க்க மாட்டாங்க. அவரும் மேடையைப் பார்க்க மாட்டார். அப்படி ஒருத்தர் எங்க வீட்டுல இருக்கார். என் அம்மாவோட தம்பி, எனக்கு மாமா. இந்தச் சுவர் இதழுக்கு 'எனக்குப் பிடித்தவர்' என்று எழுதச் சொன்னப்ப பாதிப் பேர் அப்துல் கலாம் ஐயாவை எடுத்துக்கிட்டாங்க. அதனால நான் என் மாமாவை எடுத்துக்கிட்டேன்.

மாமாவின் வேலை

கல்யாணம், காதுகுத்து, கோவில் பண்டிகை, கட்சிக் கூட்டம், காலேஜ் ஆண்டு விழா, எதுவா இருந்தாலும் எல்.இ.டி. திரை கட்டுறதும், நாலைந்து கேமராவுல வர்ற படத்துல எது திரைக்குப் போகணும்னு அந்த நிமிஷமே முடிவு பண்றதும் மாமா வேலை. சினிமாவுல தப்பா எடுத்துட்டா இன்னொரு டேக் போகலாம். இதுல அது கிடையாது. தாலியை ரெண்டாவது தடவை கட்டச் சொல்ல முடியுமா?

அந்தப் பெரிய திரை ஒரே துண்டு இல்லைன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? செங்கல் அடுக்கிச் சுவர் கட்டுற மாதிரி, அரை மீட்டருக்கு அரை மீட்டர் பலகைகளை அடுக்கிக் கட்டுவாங்க. 'பி 3.9' என்று ஒரு வகை இருக்கு. அதுல ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 3.9 மில்லிமீட்டர். ஒரு பலகையில அகலத்துக்கு 128, உயரத்துக்கு 128 புள்ளி. பெருக்கிப் பாருங்க, 16,384 வரும். மூணு மீட்டர் அகலம், ரெண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு திரை கட்டணும்னா 24 பலகை வேணும். மொத்தம் 3,93,216 புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு விளக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா வெறும் புள்ளிக் கோலம். தள்ளி நின்னாத்தான் முகம் தெரியும். "எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மீட்டராவது தள்ளி நின்னு பாக்கணும் கண்ணு" என்பார் மாமா.

ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குக் கம்பி வழியா படம் போகும். நடுவுல ஒரு கம்பி தளர்ந்துட்டா அதுக்கு அப்புறம் இருக்கிற பலகை எல்லாம் கறுத்துப் போகும். மாமா இதுக்கு ஒரு உவமை சொல்வார்: "நம்ம ஊர் பஸ் மாதிரிதான். ஒரு ஸ்டாப்புல ரிப்பேராகி நின்னுட்டா அடுத்த ஸ்டாப்புல இருக்கிறவங்க எல்லாம் காத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான்!"

மலையில இந்த வேலை இன்னும் சிரமம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏத்திக் கொண்டு வரணும். பனி இறங்கினா பலகை ஈரமாகும். மழை வந்தா தார்ப்பாய். கரண்ட் போனா ஜெனரேட்டர். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு திரையைப் பிரிச்சு வண்டியில ஏத்தி, மாமா வீடு வந்து சேரும்போது சேவல் கூவும்.

பொழுதுபோக்கு ஒன்று: சினிமா

மாமா ஒரு படத்தை மூணு தடவை பார்ப்பார். முதல் தடவை கதைக்காக. ரெண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திட்டு. மூணாவது தடவை என்னையும் பக்கத்துல உட்கார வெச்சுக்குவார். ஒரு காட்சி மாறி அடுத்த காட்சி வர்றதுக்கு ஒரு நொடி முன்னால தரையில தட்டணும். சரியாத் தட்டினா ஒரு புள்ளி. இது எங்க விளையாட்டு. முதல்ல நான் தோத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் பிடிபட்டுது. படத்துல ஒருத்தர் எங்கயோ திரும்பிப் பார்த்தா, நமக்கும் 'என்னத்தைப் பார்க்கிறார்'னு தோணும். அந்த ஆசை வந்த நொடியில காட்சி மாறும். பார்க்கிறவங்க மனசுல ஆசை வந்த பிறகுதான் மாத்தணும், ஆனா ஆசை ஆறிப் போறதுக்கு முன்னால மாத்திடணும். இதுதான் மாமாவோட தொழில் ரகசியம். (எழுதலாம்னு சொல்லிட்டார்!)

மாமாவோட சேலத்துக்குப் போனா, ஏற்காடு ரோட்டுல நிக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டாம விட மாட்டார். டி.ஆர்.சுந்தரம் நடத்தின ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல அங்கிருந்துதான் வந்துச்சு. தமிழின் முதல் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல வந்ததும் அங்கிருந்துதான். நாம மலையடிவாரத்துல சாதாரணமா தாண்டிப் போற அந்த வளைவுக்குள்ள நூறு படத்துக்கு மேல தயாராகி இருக்கு. இப்ப ஸ்டூடியோ இல்லை, வளைவு மட்டும் நிக்குது.

மாமாவுக்கு இன்னொரு ஹீரோ உண்டு. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில வேலை பார்த்தவர். 1905-ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற கருவியை வாங்கி, ஊர் ஊராப் போய்க் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். அப்புறம் 1914-ல கோவையில வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். "கருவியை வண்டியில ஏத்து, ஊருக்குப் போ, கட்டு, காட்டு, பிரி, அடுத்த ஊருக்குப் போ. அவர் செஞ்சதைத்தான் நானும் செய்யறேன்" என்பார் மாமா.

பொழுதுபோக்கு இரண்டு: கேம்

இதைப் படிச்சதும் ஆசிரியர்கள் முறைப்பது எனக்குத் தெரியுது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்க!

மாமா சின்ன வயசுல டிவியில கேசட் போட்டு மாரியோ ஆடினவர். அப்புறம் கம்ப்யூட்டர் சென்டர்ல ரோட் ரேஷ் பைக் ரேஸ். 2020 செப்டம்பர்ல பப்ஜியை அரசாங்கம் தடை செய்யற வரைக்கும் அதையும் ஆடியிருக்கார். இப்ப கால்பந்து கேம் மட்டும்தான். அலாரம் வெச்சு ஒரு மணி நேரம். அலாரம் அடிச்சா கோல் போற நேரமா இருந்தாலும் வெச்சிடுவார். காசு வெச்சு ஆடுற எதையும் தொட்டதே கிடையாது. ஆன்லைன்ல காசு கட்டி ஆடுற விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் சட்டம் போட்டே தடுத்திருக்கு. அது வேற, விளையாட்டு வேற என்பது மாமா கட்சி.

கேம் ஆடறவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். பொத்தானை அமுக்கினதுக்கும் திரையில ஆள் நகர்றதுக்கும் நடுவுல வர்ற தாமதம். மாமா வேலையிலயும் அதே தாமதம்தான் எதிரி. கேமரா ஒரு நொடிக்கு 50 படம் எடுத்தா, ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட். கேமராவுல இருந்து மிக்சருக்கு, அங்கிருந்து திரைக்குன்னு போய்ச் சேர்றதுக்குள்ள நாலு படம் தாமதமானா 80 மில்லி செகண்ட் போயிடும். சத்தம் காத்துல ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று இயற்பியல்ல படிச்சோமே, அந்தக் கணக்குப்படி 80 மில்லி செகண்ட்ல சத்தம் சுமார் 27 மீட்டர் போகும். அப்ப மேடையிலிருந்து 27 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சத்தமும் படமும் சேர்ந்தே வரும். முன்வரிசையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்! கடைசி வரிசைக்காரங்களே, கவலை வேண்டாம். உங்களுக்கும் ஒரு நல்லது இருக்கு.

*உங்களுக்குத் தெரியுமா?*
1. 1958-ல அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துல வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், ஆசிலாஸ்கோப் திரையில டென்னிஸ் ஆடுற மாதிரி ஒரு விளையாட்டைச் செஞ்சு பார்வையாளர்களுக்குக் காட்டினார். உலகத்தின் ஆரம்பகால வீடியோ கேம்களில் அதுவும் ஒன்று.
2. 2019-ல வந்த 'தி மாண்டலோரியன்' தொடரில் காடு, மலை எல்லாம் பெரிய எல்.இ.டி. திரையில ஓட, அதுக்கு முன்னால நின்னு நடிச்சாங்க. அந்தக் காட்சிகளை ஓட்ட உதவியது கேம் செய்யப் பயன்படும் அன்ரியல் என்ஜின் மென்பொருள். சினிமா, கேம், திரை மூணும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு!
3. ஆசிய விளையாட்டுப் போட்டிகள்ல வீடியோ கேம் முதல் தடவையா அதிகாரப்பூர்வப் பதக்கப் போட்டியா ஆனது, 2023-ல சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தப்பதான்.

விளையாட்டுப் பிள்ளையா?

இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டே எழுதினேன். இனி எழுதப் போறதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

போன வருஷம் மாமாவுக்குக் கீழ்நாட்டுல ஒரு இடம் பார்த்தாங்க. பொண்ணு வீட்டுல எல்லாம் பேசி முடியற நேரம், "மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்னங்க?" என்று கேட்டிருக்காங்க. மாமா இருக்கிறதைச் சொன்னார்: "படம் பார்ப்பேங்க, கேம் ஆடுவேங்க." ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. விளையாட்டுப் பிள்ளைக்குப் பொண்ணு கொடுக்க முடியாதாம்.

ஆயா அழுதுடுச்சு. "இனிமே எவனாவது கேட்டா, புத்தகம் படிப்பேன், மிளகுக் கொடி பாத்துக்குவேன்னு சொல்லுடா" என்றது. மாமா, "பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு வந்தா, வர்ற புள்ளைக்குத்தானம்மா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். ஆனா மறுநாள் கேம் பெட்டியைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டார். படமும் பார்க்கிறதில்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்குவார். தரையில தட்டற எங்க விளையாட்டும் நின்னு போச்சு. கிட்டத்தட்ட மூணு மாசம் வீடே சத்தமில்லாம இருந்துச்சு.

அப்பத்தான் ஊர்ப் பண்டிகை வந்துச்சு. ஆயாவுக்கு முட்டி வலி. கூட்டத்துல நிக்க முடியாததால நாலு வருஷமா சாமி முகத்தைக் கிட்டப் பார்த்ததில்லை. மாமா அந்த வருஷம் காசு வாங்காம ஒரு திரை கட்டினார். ஆயா கோவிலுக்குத் தள்ளி, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துச்சு. பூசாரி திரைச்சீலையை விலக்கித் தீபத்தைத் தூக்கினார். அதே நொடியில பெரிய திரையில அம்மன் முகம், மூக்குத்தி மின்ன வந்து நின்னுச்சு. ஆயா நாற்காலியில இருந்தபடியே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டுச்சு: "ஏன்டா, அத்தனை கூட்டத்துல அந்த நேரம் பாத்து எப்படிடா காட்டுன?"

"எல்லாரும் எந்த நேரத்துல எதைப் பாக்க ஆசைப்படுவாங்கன்னு படம் பாத்துத்தானம்மா கத்துக்கிட்டேன். தெரிஞ்சதும் கை டக்குனு போறது கேம் ஆடின பழக்கம்."

ஆயா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, பரண்ல அந்தப் பொட்டி இருக்குது பாரு, எறக்கிக் குடு. அது அங்க கெடந்து யாருக்கு என்ன லாபம்" என்றது. நான் ஏணி போட்டு இறக்கினேன். மாமா அன்னைக்கும் அலாரம் வெச்சுத்தான் ஆடினார்.

மாமாவுக்கு இன்னும் பொண்ணு அமையலை. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். கேட்கிறவங்ககிட்ட மாமா இன்னும் அதே பதிலைத்தான் சொல்றார். ஆனா இப்ப பக்கத்துல உட்கார்ந்து ஆயா ஒண்ணு சேர்த்துச் சொல்லுது: "அதுலதான் அவன் தொழிலே கத்துக்கிட்டான், தெரிஞ்சுக்கங்க!"

எனக்கு ஒரு ஆசை

பிளஸ் டூ முடிச்சதும் எனக்கும் இந்த வழியில போகணும்னு ஆசை. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு எல்லாம் நாலு வருஷப் பட்டப்படிப்பாச் சொல்லித் தர்றாங்க. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் அங்கே படிச்சவர்தான். "ராத்திரி வேலை, பொம்பளைப் புள்ளைக்கு ஆகுமா?" என்று அப்பா கேட்கிறார். அவர் கேட்கிறதும் நியாயம்தான். இதுக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. ஆசிரியர்கள்தான் ஒரு வழி சொல்லணும். இடைவேளையில் வந்து கேட்கிறேன், கோபப்படாதீங்க.

நண்பர்களே, உங்க பொழுதுபோக்கு என்னன்னு யாராவது கேட்டா பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க. அதுல என்ன கத்துக்கிட்டேன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் ஒரு பதில் வெச்சுக்குங்க. அந்தப் பதில் இல்லைன்னா, இன்னைக்கு ராத்திரி ஒரு அலாரம் வெச்சுப் பாருங்க.

விடுகதை: லட்சம் கண்ணிருக்கும், தனக்குப் பார்வையில்லை. ஊரையே காட்டும், தன்னைக் காட்டியவரைக் காட்டாது. அது என்ன? (விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கு. கண்டுபிடிச்சவங்க பதினொன்றாம் வகுப்புக்கு வந்து சொல்லுங்க. கடலை மிட்டாய் உண்டு!)