வினாக்குறிக்கு எத்தனை எழுத்து?



"டீச்சர், ஒரு வினாக்குறி போட்டால் ஓர் எழுத்து என்று சொன்னார்கள். 'கோழி'க்கு மட்டும் ஏன் நான்கு போட வேண்டியிருக்கிறது?" ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. 2020 முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' என்னும் நிரலாக்க அறிமுகம் கிடைக்கிறது. அதில் ஆர்வம் கொண்ட சிலர் வீட்டில் பைத்தான் வரை போய்விடுகிறார்கள். ஆகவே, இத்தகைய கேள்விகள் இனித் தமிழாசிரியர் மேசைக்கும் வரும். விடை கூறும் பொறுப்பு நமக்கும் உண்டு.

முதலில் அந்தக் குறிகளைப் பற்றி. கணினியில் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்காமல், ஒரு மாதிரியைக் கொடுத்து அதற்குப் பொருந்துவனவற்றையெல்லாம் ஒருங்கே அழைக்கலாம். சீட்டாட்டத்தில் ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் மாற்றாக நிற்பதைப் போல, இம்மாதிரியில் சில குறிகள் எந்த எழுத்துக்கும் மாற்றாக நிற்கும்.

புக்கிட் பாத்தோக்கில் குடியிருப்பவர்க்கு இதை விளக்குவது எளிது. நம் வட்டாரத்தின் புளோக் எண்களைப் பாருங்கள். முதல் இலக்கம் எந்த அக்கம்பக்கம் என்பதைக் காட்டும். ஸ்திரீட் 31, 32, 33, 34 ஆகியவற்றில் இருக்கும் புளோக்குகள் 3இல் தொடங்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய முறை அது. இப்பொழுது '3??' என்று எழுதினால், 3இல் தொடங்கி மூன்று இலக்கம் கொண்ட எல்லாப் புளோக்குகளும் வந்து நிற்கும். வினாக்குறி ஒன்றுக்கு ஓர் இடம்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டிய புதிய புளோக்குகள் இருந்தால் அவை இதில் அகப்படா. அவற்றையும் சேர்க்க '3*' என்று எழுத வேண்டும். நட்சத்திரம் எத்தனை எழுத்துகளையும் விழுங்கும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். 'ஸ்திரீட் 3[1-4]' என்றால் அந்த நான்கு தெருக்கள் மட்டும்.

கோப்புப் பாதையில் வரும் சாய்கோடு ஒரு தளத்தின் கூரை போன்றது. 'படங்கள்/*' என்னும் மாதிரி படங்கள் என்ற தளத்தில் மட்டும் நடந்து திரும்பும், மாடிப்படி ஏறாது. எல்லாத் தளங்களுக்கும் போய்வர '**' என்று இரட்டை நட்சத்திரம் இடுவார்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைவானவை என்பதால் யுனிக்ஸ் வழிவந்த கருவிகள் பலவற்றில் வெறும் நட்சத்திரம் அவற்றைத் தொடாது. இந்த முறை 1971இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தது. அங்கே இதற்கென்று தனி நிரல் இருந்தது. அதன் பெயர் 'குளோப்', 'குளோபல்' என்பதன் சுருக்கம். இன்றும் நிரலாளர்கள் அப்பெயரையே வழங்குகிறார்கள்.

இனிக் கோழிக்கு வருவோம்.

என் கணினியில் 'விலங்குகள்' என்றொரு கோப்புறை உண்டு. வகுப்பில் காட்டும் படச்சீட்டுகள். பசு, எலி, நரி, ஆடு, ஆமை, புலி, கிளி, கோழி, யானை, கரடி, கழுதை, காகம், குதிரை, கொக்கு. (கோப்பு நீட்சியை இங்கே விட்டுவிடுகிறேன்.) பைத்தானில் '???' என்று, அதாவது மூன்றெழுத்துப் பெயர்களைக் கேட்டேன். பசு, எலி, நரி, ஆடு, ஆமை வந்தன. ஐந்தும் இரண்டெழுத்துச் சொற்கள்! சரி, இரண்டெழுத்துக்கு '??' என்று கேட்டால் ஒன்றுமே வரவில்லை. '????' என்று கேட்டதற்குப் புலி, கிளி, கோழி, யானை ஆகிய இரண்டெழுத்துகளோடு கரடி என்னும் மூன்றெழுத்தும் கைகோத்து வந்தது.

ஒருங்குறியில் உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கால், கொம்பு, சுழி, புள்ளி முதலியவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. 'பசு' என்பது ப, ச, உகரக் குறி என மூன்று. 'கோழி' என்பது க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என நான்கு. வினாக்குறி இவற்றைத்தான் எண்ணுகிறது, எழுத்துகளை அன்று. குறுக்கெழுத்துப் போட்டியில் 'கோ' ஒரு கட்டத்தில் அடங்கும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கணினி அதனை இரண்டு கட்டத்தில் எழுதுகிறது. 247 எழுத்து என்று நாம் கற்பிக்கும் கணக்கு தவறு என்று எந்தப் பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது. அஃது எழுத்தின் கணக்கு, இது சேமிப்பின் கணக்கு.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. 'க*' என்று கேட்டால் கழுதை, காகம், கிளி, குதிரை, கொக்கு எனக் ககர வரிசை முழுதும் வரும். எல்லாவற்றிலும் முதற்குறியீடு க. வெறும் ககரத்தில் தொடங்குவன மட்டும் வேண்டுமென்றால் 'க[அ-ஹ]*' என்று எழுதினால் கரடியும் கழுதையும் மட்டும் வரும். கால், கொம்பு போன்ற குறிகள் ஹகரத்திற்குப் பின்னே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால் அவை நீங்கிவிடுகின்றன.

முன்பு நிலைமை இவ்வாறில்லை. 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தில், கண்ணுக்குத் தெரியும் முறைப்படி ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் இருந்தன. 'கு'வுக்குத் தனிக் குறியீடு. ஆகவே, 'க*' என்னும் மாதிரிக்குக் காகம் வரும். கொக்கும் குதிரையும் வாரா. ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியேற்றம் என்றிருந்த அக்காலத்தில் இதற்காக உழைத்தவர்களுள் நம் ஊர்க்காரர் நா. கோவிந்தசாமி ஒருவர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், சிறுகதையாசிரியர், 'கணியன்' என்னும் மென்பொருளை அளித்தவர். தமிழ்நெட் 97 மாநாடு 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. உத்தமம் அமைப்பும் 2000இல் இங்கேதான் தோன்றியது. அவர் 1999இல் மறைந்தார். ஆசிரியப் பயிற்சிக்கு அதே கழகத்திற்குச் சென்ற என் போன்றவர்களுக்கு அவரைக் கேட்க வாய்க்கவில்லை.

ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்னும் முறையும் இருக்கிறது. 'டேஸ் 16' என்று பெயர். 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. அம்முறையில் 'கோழி'க்கு இரண்டு வினாக்குறி போதும். ஆனால், உலகம் முழுதும் ஒருங்குறிக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகள் கையாளப்போவதும் அதனையே.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் என்றால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். எங்கள் புளோக்கில் ஒரு தந்தையார் இருக்கிறார். அவருடைய தாயார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒலிப்பதிவு செய்து, கதையின் பெயரும் நாளும் இட்டு வைத்திருந்தார். அந்த அம்மா இப்பொழுது இல்லை. பழைய ஆப்பிள் கணினியிலிருந்து வந்த வட்டிலிருந்து அவற்றைப் புதிய கணினிக்கு மாற்ற ஒரு சிறு நிரல் எழுதினார். ஒவ்வொரு கதைப்பெயரின் பின்னும் நட்சத்திரம். 11 கதைகளில் 8 வந்தன. வட்டை அழித்துப் பிள்ளைக்குக் கொடுக்கவிருந்த நேரத்தில், "மூன்று கதை காணோம் டீச்சர், அம்மா குரல் அது" என்று மின்தூக்கி அருகே சொன்னார். காணாமற்போனவை எவை என்று கேட்டேன்: கொக்கும் நண்டும், பொன் முட்டை, கோடரிக்காரன். வந்தவை: காகமும் நரியும், குரங்கும் முதலையும், சிங்கமும் முயலும், இன்னும் ஐந்து. அந்த ஐந்திலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்தில்லை.

இதற்கு நிரலாளர் தேவையில்லை; எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் போதும். வாராத மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக்குறி ஒன்று. அல்லது ககரம், கொம்பு, கால் என மூன்று. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமென்று ஒருங்குறித் தரமே கூறுகிறது. ஆனால், நட்சத்திரத்தையும் வினாக்குறியையும் பொருத்திப் பார்க்கும் நிரல் அந்தச் சமத்தைத் தானாக அறியாது. 2017இல் மாறும் வரை ஆப்பிள் கணினிகள் பயன்படுத்திய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விசைப்பலகையில் அவர் தட்டியதோ சேர்ந்த வடிவம்.

'*நண்டும்*' என்று கேட்கச் சொன்னேன். கொக்கு வந்தது. '*முட்டை*', '*ரிக்காரன்*' என்று மற்ற இரண்டும் வந்தன. பிறகு அவரே நிரலைத் திருத்தி, கோப்புப் பெயரையும் மாதிரியையும் ஒரே வடிவத்திற்குக் கொணர்ந்தபின் ஒப்பிடும்படி செய்துகொண்டார்; பைத்தானில் அதற்கு ஆயத்தமான கட்டளை உண்டு. அன்றிரவே அந்த மூன்றையும் பிள்ளைகள் கேட்டார்களாம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "இதற்குத்தான் கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வை என்கிறேன்" என்றார். எனக்கு உடன்பாடில்லை. கோழியை ஆங்கில எழுத்தில் எழுதினால் ழகரத்திற்கு ஒருவர் எல் என்பார், ஒருவர் இசட் எச் என்பார். ஓகாரத்திற்கு ஒருவர் ஓ ஒன்று, ஒருவர் இரண்டு. எந்த மாதிரி கொடுத்து எல்லாவற்றையும் பிடிப்பது? தமிழில் இருவகைச் சேமிப்புத்தான்; ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு வகை. பிள்ளைகளின் கட்டுரைக்கும் ஒலிப்பதிவுக்கும் தமிழிலேயே பெயரிடுங்கள். தேடும்போது ஒகர ஓகார ஔகாரங்கள் உள்ள இடத்தில் நட்சத்திரம் இடுங்கள். எதையும் அழிக்குமுன் எத்தனை வந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

குறுக்கெழுத்துக் கட்டம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' என்னும் நூலகம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் குறியீடாக அன்றி எழுத்தாகப் பிரித்துத் தரும். 'கொக்கு' அங்கே கொ, க், கு என்று மூன்றே. விலங்குகள் கோப்புறையை அதில் இட்டேன். இரண்டெழுத்து ஒன்பது, மூன்றெழுத்து ஐந்து. அந்த மாணவியிடம் பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். ஔகாரம் உள்ள விலங்கு ஏதும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.