வெந்நீரும் எலிகளும்

கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீட்டில் ஞாயிறு என்றால் எண்ணெய்க் குளியல்தான். அக்கா தலையில் அம்மா சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றுவார். ஒருநாள் அப்படியே கண் செருகி, கை கால் இழுத்துக்கொண்டது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். அப்புறம் மந்திரிப்பு, தாயத்து. ஞாயிறு குளியல் மட்டும் நிற்கவில்லை, வலிப்பும் நிற்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து பெங்களூரில் ஒரு டாக்டர்தான் கேட்டார்: "தலைக்கு ஊற்றும்போது மட்டும்தான் வருதா?" வெந்நீர் வலிப்பாம். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகமாம். வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினோம், கூடவே மாத்திரை.

பி.காம் படித்தவனுக்கு மூளை பற்றி என்ன தெரியும்? ஆனாலும் போன வாரம் தேடிப் படித்தேன். 1990களில் பெங்களூர் நிம்ஹான்ஸில் டாக்டர் சதீஷ்சந்திரா குழுவினர் எலிகள் மேல் வெந்நீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். உடல்சூடு ஏறியதும் எலிகளுக்கும் வலிப்பு வந்திருக்கிறது. பாவம்தான். ஆனால் மனிதக் குழந்தைக்கு வேண்டுமென்றே ஊற்றிப் பார்க்க முடியுமா?

திரும்பத் திரும்ப ஊற்றியபோது, எலிகளுக்கு முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே வலிப்பு வந்ததாம். நீண்ட நேரம் நீடித்ததாம். எலிக்கு நடந்தது அக்காவுக்கும் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் போனில் பேசுகிறேன். இதை மட்டும் சொல்லவில்லை.