நாய்க்கு ஃபீஸ்... பாடம் குடும்பத்துக்கு!

நாய்க்குட்டி வாங்கும்போது எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். தடுப்பூசி, உணவு, டாக்டர் செலவு என்று கணக்கும் போடுகிறார்கள். பயிற்சிக்கென்று யாரும் ஒரு ரூபாய்கூட எடுத்துவைப்பதில்லை. "நாய்க்கு எதுக்குங்க ஸ்கூல்? எங்க ஊர்ல நாயெல்லாம் தானா வளரும்" என்பதுதான் வழக்கமான பதில்.

சென்னை முகப்பேரில் வசிக்கும் அந்தக் குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. கணவன், மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன், 72 வயதுப் பாட்டி. 12,000 ரூபாய்க்கு வாங்கிய லாப்ரடார் குட்டிக்கு ஜிம்மி என்று பெயர் வைத்ததே பாட்டிதான். குட்டியாக இருந்தபோது அது ஆள்மேல் தாவியதை எல்லோரும் கைதட்டி ரசித்தார்கள். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பத்தாவது மாதத்தில் ஜிம்மியின் எடை 28 கிலோ. அதே பாசத்தோடு ஒருநாள் மாலை பாட்டிமேல் தாவியது. கீழே விழுந்தவருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய இரவில், நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் மகன். மருமகளும் தலையாட்டினார். பேரன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். பாட்டிதான் தடுத்தார். "அது என்னைக் கடிக்கல. பாசமா வந்துச்சு, நான்தான் தாங்கல. ரெண்டு மாசம் பழக்கிப் பாருங்க. முடியலைன்னா அப்புறம் கொடுத்துடலாம்."

கைக்கு எட்டிய மூன்று வழிகள்

மருமகள் விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து 12 வகுப்புகள் எடுக்க 9,000 ரூபாய். நாயை ஒரு மாதம் அவர்களிடமே விட்டுவைக்க 20,000 ரூபாய், சாப்பாடு தனி. மற்ற நாய்களோடு சேர்ந்து எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்தில் பழக 6,000 ரூபாய்.

நாயை விட்டுவிட்டு வருவது சுலபமாகத்தான் தெரிந்தது. ஆனால், அங்கே ஒருவரின் குரலுக்குப் பழகும் நாய், வீட்டில் நால்வரின் குரலுக்கும் அப்படியே பணியும் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்கள் மாறாவிட்டால், பழைய பழக்கமும் திரும்பிவிடும்.

பேசிய எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "தப்பு செஞ்சா என்ன பண்ணுவீங்க?" ஒருவர், "ரெண்டு போட்டா தானா சரியாயிடும் மேடம்" என்றார். அவருக்கு மறுபடி போன் போகவில்லை. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளை அடித்துத் துன்புறுத்துவது குற்றம். அதைவிட முக்கியமானது, அடி வாங்கிய நாய் பாடத்தைவிட அடித்த கையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். பயந்த நாய் கடிக்கவும் கூடும்.

கடைசியில் மைதான வகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் பாடம் யாருக்கு?

தரை சூடாகிப் பாதம் பொசுங்கிவிடக் கூடாது என்பதால், வகுப்பு காலை 6.30 மணிக்கே தொடங்கியது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

"நாயை உட்காரச் சொல்ல வீட்ல என்ன சொல்வீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். கணவர் "சிட்" என்றார். மனைவி "சிட் டவுன்" என்றார். பையன், "பாட்டி ‘உக்காருடா கண்ணா’ன்னு சொல்வாங்க" என்றான். ஜிம்மி மூவரையும் பார்த்துவிட்டுக் காக்கையைத் துரத்தப் போனது.

"அதுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது சார். ஒரு சத்தத்துக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். பாட்டி சொல்ற ‘உக்காரு’வையே எல்லாரும் வெச்சுக்குங்க. அவங்க புதுசா கத்துக்க வேண்டாம்."

தாவுவதற்கான மருந்தும் எளிமையாகத்தான் இருந்தது. நாய் தாவுவது ஆளின் கவனத்துக்காக. திட்டுவதும் கையால் தள்ளுவதும்கூட அதற்குக் கவனம்தான். அதனால், தாவினால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் பாராட்டும் தீனியும். பாட்டி சைவம் என்பதால் வேகவைத்த கேரட்டும் பனீரும் தீனியாயின. பூஜையில் மிஞ்சும் உலர் திராட்சையைக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் பயிற்சியாளர் உடனே நிறுத்தச் சொன்னார். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட்டும் வெங்காயமும்கூடக் கூடாது.

ஜிம்மிக்கு ‘உக்காரு’ இரண்டே நாளில் வந்துவிட்டது. குடும்பம் தேறத்தான் ஐந்து வாரமானது. ஆபீஸிலிருந்து அலுத்துவரும் கணவர், "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று தாவவிட்டுக் கொஞ்சுவார். அதுதான் பெரிய தடை. எப்போதாவது பலன் கிடைத்தால், லாட்டரி வாங்குபவரைப் போல நாயும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். இதைப் பயிற்சியாளர் மூன்றாவது வாரம் சொன்னார். பிறகு மகன் வாசலில் நின்று அப்பாவைக் கண்காணிக்க ஆரம்பித்தான்.

கணக்கு நோட்டில் வராத செலவு

வகுப்புக் கட்டணம் 6,000. கழுத்துப்பட்டை, கயிறு 900. எட்டு வாரத் தீனி 1,200. நாயை ஏற்றச் சம்மதித்த ஆட்டோவுக்கு 2,400. மொத்தம் 10,500 ரூபாய். நாய் வாங்கிய விலையை நெருங்கிவிட்டது.

ஆனால், கணக்கு நோட்டில் வராத செலவுதான் பெரிது. மைதானத்தில் கழிந்தது 8 மணி நேரம். தினமும் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் வீட்டில் பழக்கியது 18 மணி நேரத்துக்கும் மேல். இந்த நேரத்தைத் தர முடியாதவர்களுக்கு எவ்வளவு ஃபீஸ் கட்டினாலும் பலன் குறைவுதான்.

குட்டியிலேயே தொடங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை, புது மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்கும் பருவம். டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொண்டு அந்த நாள்களில் பழக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஜிம்மி இன்னும் கூரியர் பையனைப் பார்த்துக் குரைக்கிறது. காக்கையைக் கண்டால் கயிற்றை இழுக்கிறது. ஆனால், வீட்டில் யார்மீதும் தாவுவதில்லை. இரண்டு மாதக் கெடு முடிந்த பிறகு, நாயைக் கொடுத்துவிடும் பேச்சு எழவே இல்லை.

இப்போது சிக்கல் விருந்தாளிகளால்தான். "பரவாயில்லைங்க, எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்று தாவச் சொல்லிக் கையை விரிக்கிறார்கள். கட்டுப் பிரித்த கையை நீட்டிப் பாட்டி தடுத்துவிடுகிறார்.

"உங்களுக்குப் பரவாயில்லம்மா. இன்னொரு கையும் உடைஞ்சா எனக்கு யார் சோறு ஊட்டுறது? முதல்ல அது உக்காரட்டும். அப்புறம் கொஞ்சுங்க."