டிசம்பர் மாத வாசிப்பு: ஜப்பான்காரன் காலம்

இந்த டிசம்பர் முழுக்க ஒரே பொருளில்தான் வாசிக்கப் போகிறேன்: ஜப்பான்காரன் காலம், அதாவது மலாயாவை ஜப்பான் ஆண்ட காலம். 1941 டிசம்பரில்தான் நம் பினாங்கின் ஜார்ஜ் டவுன்மேல் ஜப்பான் குண்டு விழுந்தது.

முதலில் ப. சிங்காரம். அவர் எழுதியது இரண்டே நாவல். இரண்டிலும் பினாங்கு இருக்கிறது. ‘கடலுக்கு அப்பால்’ (1959) சின்னது, ஒரு வாரம் போதும். ‘புயலிலே ஒரு தோணி’யை (1972) அவசரமாகப் படிக்கவே கூடாது, அதற்கு இரண்டு வாரம். சாயங்காலம் செட்டித்தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து சிங்காரத்தைத் திறங்கள்; செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிப் பேச்சு காதில் விழும். லிட்டில் இந்தியாவில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே புடவை எடுக்க வரும் நம் பிள்ளைகளுக்கு, இந்த ஊர் தமிழின் மகத்தான நாவல் ஒன்றில் இருப்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

கடைசி வாரம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரனுக்காக 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் சனங்களின் கதை. மனசு தாங்கினால், அதே ரயில்பாதையைப் பற்றிய அ. ரெங்கசாமியின் நாவல் ‘நினைவுச் சின்னம்’.

சேர்ந்து வாசிக்க வருகிறவர்கள் சொல்லுங்கள். வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய தாத்தா பாட்டி இருந்தால், இந்த மாதமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.