பத்தா? எட்டா?

எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவண்ணாமலையில் 'சமுத்திரம்' என்று ஒன்று உண்டு, அது ஏரி. இப்படிப்பட்ட ஊர்க்காரனைப் படகுக்குப் புரொப்பல்லர் வாங்கக் கூப்பிட்டால்?

கூப்பிட்டான் ஸார். கடலூர் தேவனாம்பட்டினத்து நண்பன். பி.காமில் மூன்று வருஷம் என் பெஞ்சு. "மாப்ளே, கடைக்காரர் நம்பர் நம்பரா சொல்றாரு. நீ வந்து கேளு."

நாலு பேர் போகிற ஃபைபர் படகு. பின்னால் 9.9 குதிரைசக்தி மோட்டார். கெடிலம் முகத்துவாரத்தில் கல்லில் இடித்து, மூன்று றெக்கைகளில் ஒன்று பாதி போய்விட்டது. எடை சமமில்லாமல் சுற்றினால் உதறும். அந்த உதறல் தண்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். அதனால் படகு கரையில். நாலு வீட்டில் வருமானம் இல்லை.

பழசில் பொறித்திருந்த எண் அழிந்து போயிருந்தது. கல்லூரியில் தேய்மானத்துக்குப் பக்கம் பக்கமாக பதிவு எழுதியிருக்கிறேன். அதைக் கையால் தடவிப் பார்த்தது இப்போதுதான். ஒடியாத றெக்கையின் நுனிக்கும் நடு மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, இரண்டால் பெருக்கி விட்டத்தைக் கண்டுபிடித்தோம்.

கடையில் அதே விட்டத்தில் இரண்டை எடுத்துப் போட்டார்கள். ஒன்றில் 8, மற்றதில் 10. "பத்து எடுத்துக்குங்க, படகு பறக்கும்!"

இந்த எட்டு, பத்துதான் பிட்ச். மரத்தில் திருகாணி முறுக்கினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று இறங்குமே, அது. ஒரு சுற்றுக்கு எட்டு அங்குலம் அல்லது பத்து அங்குலம். தண்ணீர் மரமில்லையே, வழுக்கும். சொன்ன அளவு போகாது. பத்து என்பது டாப் கியர். வெறும் படகு ஜோராக ஓடும். வலை, ஐஸ், ஆள், மீன் என்று ஏற்றினால் மலையேறும் பஸ் மாதிரி முக்கும். நிமிஷத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டிய மோட்டார் 4000-லேயே திணறினால் எண்ணெய் குடிக்கும், ஆயுசு குறையும். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். ரொம்பவும் குறைத்தால் சத்தம் பலமாக இருக்கும், நகர்வு இருக்காது. (சில மேடைப் பேச்சுகள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

"எவர்சில்வர்ல இருக்குமாமே?" என்று கேட்டேன்.

நண்பனின் அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. "கல்லுல பட்டா அலுமினியம் வளையும் தம்பி. அது வளையாது, அடியை உள்ள அனுப்பும். றெக்கை போனா இந்தக் கடை. கியர் போனா வட்டிக் கடை."

கப்பலுக்குத் திருகு மாட்டிய முன்னோடிகளில் ஒருவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். இங்கிலாந்து விவசாயி! கடல்காரர் இல்லை என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 1836-ல் காப்புரிமை வாங்கினார். பாடிங்டன் கால்வாயில் சோதித்தபோது அவருடைய மரத் திருகு பாதி ஒடிந்துவிட்டது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. 1845-ல் பிரிட்டிஷ் கடற்படை, 'ராட்லர்' என்ற திருகுக் கப்பலையும் 'அலெக்டோ' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலையும் பின்பக்கம் சேர்த்துக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

இதையெல்லாம் கடையில் சொன்னேன். "அப்ப உங்க ஒடைஞ்சதே போதுமே?" என்றார் கடைக்காரர்.

பெரியவர் இரண்டையும் கையில் வாங்கினார். உள்ளே பற்களை எண்ணி, மோட்டார் தண்டுக்குப் பொருந்துமா என்று பார்த்தார். நடுவிலிருந்த ரப்பரை விரலால் அழுத்தினார். இடி வாங்கினால் அது வழுக்கிக் கியரைக் காப்பாற்றும்.

"போறப்ப வேகம் எதுக்கு? மீன் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கு? வர்றப்பதான் சுமை, எதிர்க்காத்து. எட்டைக் குடுங்க."

பழசை எடைக்கு எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் கை நீட்டினார். பெரியவர் தரவில்லை. சாக்கில் சுற்றிப் படகின் மூலையில் கட்டி வைத்தார்.

"புதுசு நடுக்கடல்ல ஒடைஞ்சா, ரெண்டரை றெக்கையில மெதுவா கரைக்கு வந்துடுவேன்."

மறுநாள் விடியுமுன் நாலு பேரும் கிளம்பிவிட்டார்கள்.